எலி வெட்டிய பள்ளத்தாக்கு

வெந்தயக் கூழ் புளித்தால் எப்படி நாறும் என்று தெரியாதவர்கள் பாக்கியவான்கள். எனக்குத் தெரியும். மூன்று மாதம் அந்த நாற்றத்தோடு ஒரே அறையில் குடும்பம் நடத்தினேன். இன்றைக்கும் வீட்டில் யாராவது முறத்துக்குப் பூச வெந்தயமும் காகிதமும் ஊற வைத்தால் நான் தெருப்பக்கம் போய் நின்றுகொள்வேன். நாற்றம் மட்டும் காரணமில்லை. அந்தக் கூழில் செய்த மலையில் ஒரு சின்ன வேலை என்னுடையது. அதை நினைத்தால் என் கையை எனக்கே பிடிப்பதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் பூகோள வாத்தியார். எங்கள் தலைமையாசிரியர் கோடை விடுமுறையில் ஏதோ ஒரு மலைவாசத் தலத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஒரு கிளப்பில் மேஜை மேல் மலையையே செய்து வைத்திருந்தார்களாம். நடக்கப் போகிறவர்கள் அதைக் குனிந்து பார்த்து, வழியைத் தேர்ந்துகொண்டு கிளம்புவார்களாம். ஊர் திரும்பியதும் எங்களையெல்லாம் கூட்டி வைத்து, "நம்மூருக்கு மேக்கே இம்புட்டுப் பெரிய மலை கெடக்கு. ஒருத்தனாவது ஏறி நடக்கானாவே?" என்று கேட்டார். அன்றைக்கே மலைநடைச் சங்கம் ஒன்று பிறந்துவிட்டது. உறுப்பினர்கள் நாங்கள்தான். விருப்பமா என்று யாரையும் கேட்கவில்லை.

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் கணக்கு வாத்தியார் மலை ஏறப் போகிறார். செருப்புக் கடிக்கிறது என்று வெறுங்காலோடு வகுப்புக்கு வரும் தமிழ் ஐயா மலை ஏறப் போகிறார். வாசுதேவநல்லூர் வரை பஸ், அங்கிருந்து அடிவாரம், அதற்கு மேல் மலைமேலுள்ள சாஸ்தா கோவில் வரை நடை. ஆசைக்கு அளவுண்டா!

மலைக்குப் போகிறவனுக்குப் படம் வேண்டும். என்னிடம் இருந்தது. ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய சர்வே படம். எங்கள் பகுதி மலை முழுக்க அதில் உண்டு. சம உயரக் கோடுகள் பழுப்பு நிறத்தில் இழை இழையாக ஓடும். நான்காக மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும். கோடுகள் விலகி இருந்தால் லேசான சரிவு, நெருங்கினால் ஏற்றம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் செங்குத்துப் பாறை. இவ்வளவுதான் படிப்பு. ஒரு மலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறோம் என்ற கர்வம் எனக்கு இருந்தது. தலைமையாசிரியரிடம் அதை விரித்துக் காட்டினேன்.

"என்னவே இது, குளிச்ச பெறவு சொவத்துல ஒட்டுன தலைமுடி மாதிரில்லா இருக்கு?" என்றார்.

நான் விளக்கினேன். அவர் காது குடைந்தபடி கேட்டார். "மலைக்குப் போறவன் கோட்டை எண்ணிக்கிட்டா போவான்? நிமிந்து நிக்குத மலையை எதுக்குவே இஸ்திரி போடணும்? செஞ்சு வைக்கச் சொல்லுதேன்" என்று முடித்துவிட்டார்.

செய்யப் பணிக்கப்பட்டவர் டிராயிங் வாத்தியார். குருவிகுளத்துக்காரர், மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாது. அவர் வேலை தற்காலிகம். வருஷ முடிவில் நிரந்தரமாக்க வேண்டியது தலைமையாசிரியர் கையில் இருந்தது. அவருக்கு மனைவியும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆகவே அந்த மலை அவருக்கு மலை இல்லை, சோறு. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

என் பூகோள அறையிலேயே பழைய விடைத்தாள்களை அண்டாவில் ஊறப் போட்டார். வெந்தயம் சேர்த்து ஆட்டுரலில் ஆட்டினார். எங்கள் பக்கத்துப் பெண்கள் முறத்துக்குப் பூசுகிற அதே பக்குவம். என் படத்தை வாங்கி ஒவ்வொரு கோடாக அட்டையில் நகல் எடுத்து, வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்து அடுக்கினார். அதன்மேல் கூழ் அப்பினார். தட்டைப் படத்தின் கோடுகள்தான் அந்த மலைக்கு எலும்பு. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் மட்டும் வருகிறவர்களிடமெல்லாம், "அளவு பூராவும் சாரோட படத்துல உள்ளது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நான் அளந்து பார்த்துவிட்டு, "உயரம் மூணு பங்கு கூட இருக்கே வே" என்றேன்.

"உள்ள அளவுல வச்சா மலை தோசை மாதிரி படுத்துக் கெடக்கும் சார். பாக்கவனுக்கு ஏறணும்னே தோணாது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. மாடல் வருவதற்கு முன் என் படம் அதே அறைச் சுவரில் ஆறு மாதம் தொங்கியது. ஒரு நாய்கூட நின்று பார்த்ததில்லை. கூழ் காய்வதற்குள்ளேயே மாடலைப் பார்க்கக் கூட்டம். மணி அடிக்கும் பியூன்கூட, "அட, நம்ம மேக்க மலையில்லா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். வடை தின்ற விரலோடு வந்து சிகரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். வெற்றிலை போட்டவர்கள் மிச்சச் சுண்ணாம்பை அடிவாரத்தில் தடவிவிட்டுப் போவார்கள். எண்ணெய்க் கறையும் ஈயுமாக அந்த மலை எனக்குக் குமட்டியது. அதைவிடக் குமட்டியது என் வயிற்றெரிச்சல். ஒரு காகிதத்துக்காக இன்னொரு காகிதத்தின் மேல் பொறாமைப்பட்ட மனிதன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து சங்கத்தையும் மாடலையும் திறந்து வைப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை மாலை டிராயிங் வாத்தியாரின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. அறைச் சாவியை என் கையில் கொடுத்தார். "ராத்திரி ஜன்னலை மட்டும் அடைச்சிருங்க சார். திங்கக்கெழம காலைல மொத பஸ்ஸுக்கு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுக் குருவிகுளத்துக்கு ஓடினார்.

நான் ஜன்னலைத் திறந்தே போட்டேன். நாற்றம் வெளியே போகட்டும் என்று நினைத்தேன். பிறகு மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்க் கதவைத் திறந்தால், சாஸ்தா கோவில் இருந்த இடத்தில் எலிப் புழுக்கை கிடந்தது. மலையின் கிழக்கு முகத்தில், என் படத்தில் கோடுகள் ஒட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கும் அதே இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் குடைந்து தின்றிருந்தது. ஒரு எலி வேலையாக இருக்காது. ஒரு குடும்பமே விருந்துக்கு வந்திருக்கிறது. வெந்தயம் போட்ட காகிதம் எலிக்கு அல்வா என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அடிவாரமெல்லாம் மூத்திரம். சிதறிக் கிடந்த துணுக்குகளில் ஒன்றைக் குனிந்து எடுத்தேன். ஏதோ ஒரு பழைய பூகோள விடைத்தாள். பக்கத்தில் என் சிவப்பு மையில் போட்ட சைபர் இருந்தது.

தலைமையாசிரியர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஜன்னலை யார் திறந்து போட்டது என்று கேட்பார். போகவில்லை. மலை கெட்டது தெரிந்தால் அந்தக் குருவிகுளத்து மனிதனின் வேலை போய்விடுமே, அவருக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இத்தனை வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

குழியை நிரப்பக் கூழ் இல்லை. இருந்தாலும் ஒரு நாளில் காயாது. காலையில் கோவிலுக்குப் போனபோது பிரசாதமாக வாங்கிய புற்றுமண் பொட்டலம் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் ஒருவருக்குச் சொறி. தண்ணீரில் குழைத்துப் பூச வாங்கியது. அதைக் குழைத்தேன். எலி கடித்த ஓரங்களை அந்த மண்ணால் மெழுகி மழுப்பினேன். டிராயிங் வாத்தியாரின் பெட்டியைத் திறந்து, சீசாவில் இருந்த பச்சையை எடுத்து அடித்தேன். தள்ளி நின்று பார்த்தேன். பார்க்கப் பள்ளத்தாக்காகத்தான் இருந்தது. பூகோள வாத்தியார் அல்லவா, பள்ளத்தாக்கு என்றால் அதில் ஓடை வேண்டும் என்று புத்தி சொல்லியது. நீலத்தைத் தொட்டு, நடுவே நெளிய நெளிய ஒரு ஓடையும் விட்டேன். சாமி மண்ணைக் கொண்டு எலிப் பொந்தை மெழுகினவன் இந்த ஊரில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

திங்கட்கிழமை பூமாலை, சாம்பிராணிப் புகை, எல்லாம் நடந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, அந்தப் பச்சையைத் தொட்டு, "இந்த இடம் ரொம்ப லட்சணம்" என்றார். முதல் பஸ்ஸில் வந்திறங்கிய டிராயிங் வாத்தியார் கூட்டத்தின் பின்னால் நின்றார். மலையையே வெகுநேரம் பார்த்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், தூக்கம் இல்லாத கண் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மலையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள், மாடல் சரிதான் என்று ஊரறியச் சொல்வதற்காக. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். என் தட்டைப் படத்தை அவரிடம் காட்டியிருந்தால் தலைகீழாகப் பிடித்திருப்பார். இதை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார். "இது ஆனப்பாறை, இது நாங்க ஆட்டுக் கெடை போடுத எடம்" என்று சுட்டிக்கொண்டே வந்தவர் பச்சையருகே நின்றுவிட்டார்.

"எல்லாம் சரிதான். இந்தப் பள்ளம் எங்கன இருந்து வந்துச்சு? இங்கன மொட்டப் பாறைல்லா நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர், "அண்ணாச்சி, இது வெள்ளக்காரன் சங்கிலி பிடிச்சு அளந்த கணக்கு. உமக்கு ஆட்டுக் கணக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "என்ன சார், நம்ம சர்வே படத்தைப் பார்த்துச் செஞ்சதுதானே?" என்றார்.

"ஆமா சார், படத்தைப் பார்த்துச் செஞ்சதுதான்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் என்று ஒரு சொல்லைக்கூட எடுத்துக் காட்ட முடியாது. படித்தவனின் அயோக்கியத்தனம் அப்படித்தான் சுத்தமாக இருக்கும். பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்ப சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முதல் நடைக்குத் தலைவர் டிரில் வாத்தியார். பட்டாளத்திலிருந்து வந்தவர், நடந்தால் தரை அதிரும், அவர் விசில் ஊதினால் பஜார் வரை கேட்கும். மாடலின் மேல் குண்டூசிகளைக் குத்தி, சிவப்பு நூலைக் கட்டி வழி போட்டார். பழைய ஒற்றையடிப் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. என் பச்சைப் பள்ளத்தாக்கு வழியாக நூலை விட்டால் பாதி நூல்தான் ஆனது. "இப்பிடியே ஏறுதோம். ரெண்டு மணி நேரம் மிச்சம். நடுவுல ஓடை வேற இருக்கு, தண்ணியச் சொமக்க வேண்டாம்" என்றார். ஆளுக்கு ஒரு சின்னக் கூஜா போதும் என்று உத்தரவாயிற்று. நான் அங்கேதான் நின்றேன். நூல் என் நீலத்தின் மேல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்து பேர் கிளம்பினோம். டிராயிங் வாத்தியார் பிள்ளையை விட்டு வர முடியாது என்று நின்றுகொண்டார். அடிவாரத்துக்கு மேல் பாதை பிரியும் இடம் வந்ததும் என் படத்தை விரித்தேன்.

"சார், இந்தப் பக்கம் கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. இங்கன பள்ளத்தாக்கு இல்ல, செங்குத்துப் பாறை. பழைய பாதையிலயே போவோம்."

"உம்ம தட்டப் படத்த மடிச்சு வையும்வே. அங்க மாடல்ல கண்ணு முன்னால பள்ளம் கெடக்கு, நீரு கோடுங்கீரு" என்றார் டிரில் வாத்தியார்.

நான் விடவில்லை. மாடலில் உயரம் மூன்று பங்கு என்றேன். பெயிண்டை நம்பலாமா, அளவை நம்பலாமா என்றேன். மேஜை மேல் இருக்கிற மலையைப் பாதையில் கொண்டுவர முடியுமா, சந்தேகம் வந்தால் எதைப் பார்ப்பது என்று கேட்டேன். கால் மணி நேரம் பேசியிருப்பேன். வகுப்பில்கூட அப்படிப் பேசியதில்லை. சொன்னதெல்லாம் சரியான விஷயம். சொல்ல வேண்டியிருந்ததோ ஒரே ஒரு வாக்கியம்: அந்தப் பள்ளம் எலி தின்றது, பச்சை நான் அடித்தது. அதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன்.

"சாருக்குத் தன் படத்த யாரும் சீந்தலியேன்னு ஆங்காரம்" என்று கணக்கு வாத்தியார் சொன்னார். சிரிப்பு எழுந்தது. அதுவும் பொய்யில்லை என்பதால் நான் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வெயில் ஏறுவதற்குள் கூஜாக்கள் காலி. முள்ளையும் புதரையும் விலக்கிக்கொண்டு போய் நின்றால் எதிரே பாறை. மொட்டைப் பாறை, ஆட்டுக்காரப் பெரியவர் சொன்னது போலவே. டிரில் வாத்தியார் நம்பவில்லை. "இதுக்கு அந்தப் பக்கந்தான் பள்ளம் இருக்கணும்" என்று வெடிப்பில் கால் வைத்து ஏறினார். நான் வேண்டாம் என்று கத்தினேன். இரண்டு ஆள் உயரம் ஏறியிருப்பார். கல் பெயர்ந்தது.

கணுக்கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மழைக்காலத்தில் முருங்கைக் கொம்பு முறியும் அல்லவா, அப்படி. எலும்பு தோலுக்கு வெளியே தெரிந்தது. அவ்வளவு பெரிய மனிதர் பச்சைப்பிள்ளை போல நாக்கை நீட்டித் தண்ணீர் கேட்டார். எங்களில் ஒருவரிடமும் சொட்டு இல்லை.

"ஓடை எங்கவே? நீருதான் பூகோள வாத்தியாரு. ஓடை எங்கன இருக்கு, சொல்லும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

நான் வாந்தி எடுத்தேன். மற்றவர்கள் இரத்தத்தைப் பார்த்து எடுத்தேன் என்று நினைத்தார்கள்.

வேட்டியைக் கம்பில் தூளியாகக் கட்டி, மாறி மாறிச் சுமந்து, பிற்பகலில் அடிவாரத்துக்கு வந்தோம். மாட்டு வண்டியில் வாசுதேவநல்லூர், பிறகு பஸ், பிறகு ஆஸ்பத்திரி. கால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அவர் டிரில் எடுக்கவில்லை. லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். விசில் மட்டும் கழுத்தில் தொங்கியது.

விசாரணை தலைமையாசிரியர் அறையில் நடந்தது. ஒரு மேஜையில் மாடல். இன்னொரு மேஜையில் என் படம், இப்போது மரியாதையோடு விரிக்கப்பட்டிருந்தது. தலைமுடி என்று சொன்ன அதே வாய், "கோடு என்ன சொல்லுது, விளக்கமாச் சொல்லும்" என்று கேட்டது. சொன்னேன். இங்கே பள்ளத்தாக்கே கிடையாது என்று விரல் வைத்துக் காட்டினேன். "அப்ப படம் சரி, மாடல்தான் தப்பு" என்று தீர்ப்பாயிற்று. தட்டைப் படம் ஜெயித்துவிட்டது. அப்படி ஒரு ஜெயம் என் எதிரிக்கும் வேண்டாம்.

தலைமையாசிரியர் டிராயிங் வாத்தியாரிடம் திரும்பினார். "இல்லாத பள்ளத்த எதுக்குவே வச்சீரு? அழகுக்கா?"

அவர் மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. நான் படத்தை மடித்துக்கொண்டிருந்தேன். அந்த மடிப்பு சரியாக விழவில்லை, பிரித்து மறுபடியும் மடித்தேன்.

"தப்பு நடந்து போச்சு சார்" என்றார் டிராயிங் வாத்தியார்.

வேலை நிரந்தரமாகவில்லை. மாதக் கடைசியில் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். மாடலைப் பள்ளிக்குப் பின்புறம் எறிந்தார்கள். மழையில் ஊறி, மறுபடியும் அதே நாற்றம் வகுப்பு வரை வந்தது. ஊர் ஆடு ஒன்று மலையின் பாதியைத் தின்றது.

குருவிகுளத்தையும் விட்டு அவர் குடும்பத்தோடு கிளம்பிய அன்று பஸ் நிலையத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. தகரப் பெட்டியை வண்டி மேல் ஏற்றிவிட்டு, மனைவியையும் பிள்ளையையும் உள்ளே உட்கார வைத்துவிட்டு, இறங்கி என்னிடம் வந்தார்.

"பிள்ளைக்கு இப்ப தேவல சார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பச்சை என் பச்சை இல்ல சார். நான் மஞ்ச கலக்காமப் பச்சை வைக்க மாட்டேன். பாத்த அன்னைக்கே தெரியும். பெட்டியில தூரிகையும் கழுவாமக் கெடந்துச்சு" என்றார்.

"தெரிஞ்சும் ஏன்வே சொல்லல?" என்றேன். அப்படிக் கேட்கவும் எனக்கு நாக்கு வந்தது பாருங்கள்.

"நீங்க சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் சார்."

கண்டக்டர் விசில் கொடுத்தான். அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். அன்று மதியம் நாலாம் பாரத்துப் பையன்களுக்குச் சம உயரக் கோடுகள் நடத்த வேண்டியிருந்தது. நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன்.